பதினெட்டாம் நோன்புக் கஞ்சி

ஆறாம் நோன்பன்று பெய்த மழையில் ஹபீபாவின் வீட்டுக்குள் சாக்கடை வந்தது.

லெப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவுக்குள் மழைத்தண்ணீர் நிற்பதில்லை. பெய்தது தானாக வெள்ளாற்றுப் பக்கம் இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை. பள்ளிவாசலின் பின்சந்திலிருந்து வரும் சாக்கடை ஹபீபாவின் வாசலுக்கு முன்னால் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் வாய் அடைத்திருந்தது. தண்ணீர் படியேறி, நடையைக் கடந்து, தொழுகைப் பாய் கிடந்த அறைவரை வந்தது.

ஹபீபாவும் நாத்தனார் ஃபஹ்மிதாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இருவரின் கணவர்களும் குவைத்தில் இருந்தார்கள். ஃபஹ்மிதா கம்பை விட்டுக் குத்தினாள். அடைப்பு அசையவில்லை. ஹபீபா குனிந்து கையை விட்டாள்.

ஒரு பை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கொத்தாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி மெல்லிய வெள்ளைப் பைகள். பச்சை எழுத்தில் ‘காமில் ஸ்டோர்ஸ்’ என்று அச்சடித்திருந்தது. சிலவற்றின் மூலையில் கஞ்சி ஒட்டியிருந்தது. பாசிப்பருப்பு தெரிந்தது.

“பள்ளிவாசல் கஞ்சி நம்ம வூடு தேடியே வந்துருச்சு மச்சி,” என்றாள் ஃபஹ்மிதா. “இனிமே வரிசையில நிக்க வேண்டியதில்ல.”

ஹபீபா சிரிக்கவில்லை. பைகளை இழுத்துப் படியோரம் குவித்தாள். கடைசிக் கொத்து வந்ததும் குழாய் ஒருமுறை விக்கியது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

முந்தின நாள் அவர்கள் வீட்டுக்கும் கஞ்சி அந்தப் பையில்தான் வந்தது. வெட்டி ஊற்றிவிட்டுப் பையை வாசலில் எறிந்தது ஹபீபாதான். குவியலில் அதுவும் இருக்கும்.

நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் முறை. அந்த வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி இமாம் துஆ ஓதுவார். அதன்பிறகே கஞ்சி காய்ச்சிய தேக்சாவின் மூடியைத் திறப்பார்கள். பதினெட்டாம் நோன்பு ஹபீபாவின் அம்மா எடுத்துக்கொண்ட நாள். அம்மா இறந்த பிறகு அது அம்மாவின் பெயருக்கு ஆனது. வருடத்தில் அன்று ஒருநாள்தான் அம்மாவின் பெயர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். ஹபீபா சன்னலோரம் நின்று கேட்பாள். கேட்டபிறகு அடுப்படிக்குப் போவாள்.

அப்படி ஒரு நாள் வேண்டும் என்று கேட்டுக் காத்திருக்கும் வீடுகள் ஊரில் நிறைய. அதனால் ஜமாஅத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு வீட்டின் கஞ்சி மீந்தால், அல்லது வீணானால், மறுவருடம் அந்த நாள் வேறு வீட்டுக்குப் போகும்.

மறுநாள் காலை ஹபீபா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முத்தவல்லி அஸ்லாமின் வீட்டுக்குப் போனாள். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. அவளுக்கு மாமு முறை.

“மாமு, பதினெட்டாம் நோன்பன்னைக்கு எங்க கஞ்சியப் பையில ஊத்த வேணாம்.”

“பின்ன கையிலயா ஊத்துறது?”

“ஏனத்துல. தூக்கு, குண்டான், எதுலயாவது.”

“ஏனம் கொண்டாந்தா ஊத்த மாட்டேன்னா சொல்றோம்? யாரும் கொண்டார்றதில்லம்மா. காமில் பை குடுக்குறாரு. நன்மைய நாடிச் சும்மா குடுக்குறாரு. அத வேணாங்க நாம யாரு?”

“அந்த நன்மை எங்க வூட்டுக்குள்ள முழங்கா தண்ணிக்கு நின்னுச்சு மாமு.”

அஸ்லாம் பேப்பரை மடித்து வைத்தார்.

“ஜனங்க வெறுங்கையோட வருவாங்க. பை இல்லன்னா திரும்பிப் போவாங்க. கஞ்சி மிஞ்சும். மீந்தா என்னன்னு உனக்குத் தெரியும். காமில் வூட்டுலயே நாள் கேட்டுக்கிட்டிருக்காங்க. அவரு சம்சாரம் ஃபர்ஹாவோட அத்தா மவுத்தானதுலேருந்து கேக்குறாங்க.”

“தெரியும்.”

“உங்கம்மா பேரும்மா அது.”

“அதுக்குத்தான் சொல்றேன். அம்மா பேரச் சொல்லி ஊத்துற கஞ்சி சாக்கடையில கெடக்க வேணாம்.”

அவர் பேப்பரை மறுபடி பிரித்தார். “உன் நாளு. உன் இஷ்டம். மீந்துச்சுன்னா எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

“வர மாட்டேன் மாமு.”

அன்று அஸருக்குப் பிறகு ஹபீபா பின்சந்துக்குப் போய் ஓரமாக நின்றாள். கஞ்சிக் கொட்டகையின் தூணில் ஆணியடித்துப் பைக்கட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவர் பையைப் பிரித்துப் பிடிக்க, பாங்கு சொல்லும் மோதினார் அகப்பையால் ஊற்றினார். கொதிக்கிற கஞ்சி விழுந்ததும் பை சுருங்கிக் கண்ணாடி மாதிரி ஆனது. வாயை நூலால் கட்டிக் கையில் கொடுத்தார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைகளும் பையில்தான் வாங்கினார்கள். ஏனம் தூக்கி வருவது அசிங்கம் என்று ஆகியிருந்தது. அவர்களைப் பற்றி ஹபீபா கவலைப்படவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொன்னால் ஏனம் வரும். வராவிட்டால் அந்தந்த வீட்டு வாசலில் நின்று கேட்க அவளுக்குத் தெரியும். வரிசையின் பின்பாதிதான் அவளை யோசிக்க வைத்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள், கடைகளில் வேலை முடித்தவர்கள், காட்டிலிருந்து வருகிறவர்கள்.

களைக்கொத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டாள். அவள் பெயர் பொன்னுத்தாய். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்.

“நாளையிலேருந்து ஒரு தூக்குவாளி கொண்டாறியா?”

“எதுக்கு பாயம்மா?”

“கஞ்சிக்குத்தான். பை வேணாம்.”

“காலையில சோத்துப் போசி, தண்ணிக் கேனு, களக்கொத்து. இதுல வாளியும் தூக்கிட்டு வந்தா நான் களை வெட்டப் போறனா, குடித்தனம் போறனான்னு கேப்பாங்க.”

“சோத்துப் போசி இருக்குல்ல, அதுலயே வாங்கலாமே.”

“அதுல மிச்சப் பழையது இருக்கும் பாயம்மா. புள்ளைக்கு இந்தக் கஞ்சி தனியா வேணும். கலந்தா மூஞ்சியத் தூக்கிக்கும்.” பொன்னுத்தாய் வரிசையில் ஓரடி முன்னேறினாள். “ஏனம் நீங்க குடுங்க, வாங்கிட்டுப் போறேன். ஆத்தத் தாண்டிப் போவணும், மூடியோட குடுங்க.”

கேலியாகத்தான் சொன்னாள். ஹபீபா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள்.

வளைகுடாவிலிருந்து ஆள் வரும் வீடுகளில் பால்பவுடர் டின்னை எறிவதில்லை. மூடி இறுக்கமாக இருக்கும். எறும்பு போகாது. வெளிநாட்டு சோப்பு, தைல பாட்டில், அத்தர், முகப்பவுடர் எல்லாம் டின்னுக்குள் போய்ப் பரணில் உட்காரும். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எடுத்துக் கொடுப்பார்கள். ஊரில் இப்படிப் பரண் இல்லாத வீடு குறைவு.

ஹபீபாவும் ஃபஹ்மிதாவும் வீடு வீடாகப் போனார்கள். ஏனத்தைப் பற்றிச் சொன்னார்கள். டின்னைக் கேட்டார்கள். ஏனம் கொண்டுவருவதாகத் தலையாட்டியவர்கள் டின் என்றதும் யோசித்தார்கள்.

“சோப்ப எங்க வைக்கிறது?” என்றாள் ஒருத்தி.

“குளிச்சுத் தீத்துருங்க,” என்றாள் ஃபஹ்மிதா. “அஞ்சு வருஷமா வாசம் பாத்துக்கிட்டே இருக்கீங்க.”

நடை முழுவதும் டின்கள் நின்றன. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தார்கள். பெரம்பலூர் ரோட்டில் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் தர்மன் விளிம்பில் துளைபோட்டு வளைகம்பி மாட்டிக் கொடுத்தார். தூக்கினால் ஆடாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை ஹபீபாவின் கணவர் நஜீமுதீன் குவைத்திலிருந்து பேசினார்.

“ஊரு பூரா டின்னு பொறுக்குறியாமே.”

“யாரு சொன்னா?”

“ரூமுல நம்மூரு ஆளு. அவன் சம்சாரம் சொல்லியிருக்கா. பாய், உங்க வூட்டுல பழைய இரும்பு யாவாரம் ஆரம்பிச்சுட்டாங்களான்னு கேக்குறான்.”

“ஆமா, நல்லா நடக்குதுன்னு சொல்லுங்க.”

“ஹபீபா. நாளு போயிரும்புள்ள.”

“போகாது.”

“போச்சுன்னா?”

“ஃபஹ்மிதா பேசணுங்குறா, குடுக்குறேன்.”

பதினெட்டாம் நோன்பன்று மழை இல்லை. அதிகாலையிலேயே அரிசியும் பருப்பும் இறைச்சியும் தேங்காயும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டன. மதியத்துக்குப் பிறகு டின்களைக் கைவண்டியில் ஏற்றிப் பின்சந்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹபீபா தூணிலிருந்த பைக்கட்டைக் கழற்றி மடித்து வைத்தாள்.

காமில் வந்தார். மளிகைக்கடைக்காரர். ஹபீபாவைவிட இளையவர். கோபமாக வந்தவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, எம் பை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?”

“பையச் சொல்லல தம்பி. உம் பேரு எங்க வாசல் சாக்கடையில மெதக்குது. பாக்க நல்லால்ல.”

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. இமாம் துஆவைத் தொடங்கினார். ஹபீபா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கைகளை ஏந்தினாள். அம்மாவின் பெயர் வந்தது. இந்த முறை சன்னலோரம் இல்லை. தேக்சாவிலிருந்து பத்தடியில் நின்று கேட்டாள்.

ஏனங்கள் வந்தன. எவர்சில்வர் தூக்கு, அலுமினியக் குண்டான், ஒருவன் பிரஷர் குக்கரே கொண்டுவந்தான். வரிசையில் சிரிப்பு. வெறுங்கையோடு வந்தவர்களுக்கு டின்னில் ஊற்றி, மூடியை அழுத்தி, ஃபஹ்மிதா நீட்டினாள்.

“நாளைக்குத் திருப்பிக் கொண்டாரணும். கொண்டாந்தா அதுலயே கஞ்சி. கொண்டாரலன்னா உங்கூரு வந்து நிப்பேன்.”

பொன்னுத்தாய் டின்னை ஆட்டிப் பார்த்தாள். சிந்தவில்லை. “நெசமாவே குடுத்துட்டீங்களே,” என்றாள்.

மக்ரிப் பாங்குக்கு வெகுநேரம் முன்பே மோதினார் தேக்சாவைச் சாய்த்து அடியை வழித்தார். ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. அஸ்லாம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஹபீபா தன் வீட்டுக்கும் டின்னிலேயே வாங்கிக்கொண்டாள்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டின்னைத் திறந்து இரண்டு கோப்பையில் ஊற்றினாள். முதல் வாய் உள்ளே போனது.

நிமிர்ந்தாள். ஃபஹ்மிதா கோப்பையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சி.”

“ம்.”

“தைலம்.”

கஞ்சியில் தைல வாசனை அடித்தது. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் பச்சைத் தைலம். அதற்கு அடியில் கொஞ்சம் ரோஜா சோப்பு.

யாரும் முன்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. டின்களைக் கழுவியவர்களும், ஊற்றியவர்களும், வாங்கியவர்களில் பெரும்பாலோரும் நோன்பில் இருந்தார்கள். மற்றவர்கள் தங்கள் ஊருக்குப் போய்த்தான் டின்னைத் திறந்தார்கள். நோன்பாளிகள் பாங்கு சொல்லும்வரை வாயில் வைக்கவில்லை. சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது. “ஏ ஹபீபா! கஞ்சிக்குத் தாளிச்சியா, இல்ல தேச்சு வுட்டியா?” அதற்கடுத்த வீட்டில் சிரித்தார்கள். தெருவில் யாரோ போகிறபோக்கில், “இன்னைக்குக் குடிச்சவனுக்குச் சளி புடிக்காது,” என்றான்.

ஃபஹ்மிதாவுக்கு அழுகை வந்தது. ஹபீபா கோப்பையிலிருந்ததைக் குடித்து முடித்தாள். தொழுதாள். பிறகு மீதியிருந்த டின் ஒன்றை எடுத்து அதற்குள் வெந்நீர் ஊற்றினாள். முகர்ந்தாள். வாசனை இல்லை. அதே வெந்நீரை ஒரு தட்டில் ஊற்றி மூடியை அதில் போட்டாள். ஆவி எழுந்தது. தைலம் எழுந்தது.

மூடி பிளாஸ்டிக். வருடக்கணக்காகத் தைலத்தைக் குடித்திருந்தது. ஆறியிருந்தபோது அடக்கிவைத்திருந்தது. சூடு பட்டதும் விட்டுவிட்டது.

“டின்னு நல்லாருக்கு,” என்றாள் ஹபீபா.

“இப்ப அதுவா முக்கியம் மச்சி?”

“மூடிய மட்டும் தனியா எடு.”

மறுநாள் காலையில் அஸ்லாம் வந்தார். உள்ளே வந்து உட்காரவில்லை. நடையில் நின்றார். அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தார்.

“மிஞ்சல. நான் பாத்தேன். அத யாரும் மறுக்க முடியாது. ஆனா ஜனங்க கொட்டியிருக்காங்கம்மா. உங்க கஞ்சியத்தான் ராத்திரி சாக்கடையில கொட்டியிருக்காங்க. வீணாப் போனாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்னு கமிட்டியில பேசுறாங்க.”

“ஏனத்துல வாங்குனவங்க யாரும் கொட்டல மாமு. டின்னுல வாங்குனவங்கதான். அதுவும் மூடியாலதான்.”

“எதாலயோ. போனது போனதுதான்.” அவர் தாடியைத் தடவினார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. “காமில்கிட்டப் பேசிட்டேன். அவரு பெரிய மனசு பண்ணிட்டாரு. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். இனிமே பை விஷயத்துல தலையிட மாட்டேன்னு. நாளு உங்கிட்டயே இருக்கும். நான் பொறுப்பு.”

ஃபஹ்மிதா கதவுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினாள். சொல்லிவிடு என்றது கை.

ஹபீபா அம்மாவை நினைத்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடக்கம் செய்த மையத்தாங்கொல்லையில் பெண்கள் போய் நிற்பதில்லை. அந்தப் பெயர் வீட்டுக்கு வெளியே இருக்கும் இடம் வேறு எதுவும் ஹபீபாவுக்குத் தெரியாது. அந்த ஒரு சாயங்காலம், அந்த ஒரு துஆ.

“சொல்ல முடியாது மாமு,” என்றாள்.

“நல்லா யோசிச்சுப் பாரு.”

“யோசிச்சுட்டேன். இன்னைக்கும் டின்னு கொண்டாருவேன். நாளைக்கும் கொண்டாருவேன். பெருநாள் வரைக்கும் கொண்டாருவேன். பை வேணுங்குறவங்க பையில வாங்கட்டும். ஏனம் இல்லாம வர்றவங்களுக்கு நான் ஏனம் குடுக்குறேன். அதத் தடுக்க முடியாதுல்ல?”

“அத யாரு தடுக்குறா. நாளு?”

“கொஞ்சம் பொறுங்க.” அவள் உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கவும் முடியாது. சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். “ஃபர்ஹாவோட அத்தாவுக்குக் குடுத்துருங்க.”

அஸ்லாம் தலையை ஆட்டினார். சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபஹ்மிதா வெளியே வந்தாள். “அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவ?”

“நடந்தத சொல்லுவேன்.”

“அம்மா பேரு போச்சே மச்சி.”

“தெரியும்புள்ள.” ஹபீபா கொல்லைக்கதவைத் திறந்தாள். “அரிவாள எடுத்துட்டு வா. மூடிக்குப் பதிலா எதாவது வேணும்.”

கொல்லையில் இரண்டு வாழை நின்றன. இலைகளை அறுத்து, அடுப்பில் வாட்டி, டின் வாய்க்குத் தக்கபடி துண்டு போட்டார்கள். நார் கிழித்தார்கள். நாலைந்து துண்டு போட்டபிறகு ஃபஹ்மிதா, “இதுவும் ஏதாவது வாசம் அடிக்கும்,” என்றாள்.

“அடிச்சா வாழையில வாசம் அடிக்கும். அதுக்கு யாரும் கொட்ட மாட்டாங்க.”

இந்த முறை ஒரு டின்னில் வெந்நீர் ஊற்றி, இலையைக் கட்டி, அரைமணி நேரம் வைத்து, பிரித்து இருவரும் மாறிமாறி முகர்ந்தார்கள். பிறகு அடுத்த டின். எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டு டின்னைச் சந்தேகப்பட்டு ஒதுக்கினார்கள்.

அஸருக்குப் பிறகு ஹபீபா பின்சந்துக்குப் போனாள். தூணில் பைக்கட்டு மறுபடி தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. எதிர்ப்பக்கம், வரிசை தொடங்கும் இடத்தில், டின்களை அடுக்கினாள்.

அவளைப் பார்த்ததும் வரிசையில் சிரித்தார்கள். “தைலக்கடை வந்துருச்சு,” என்றான் ஒருவன். சிலர் நேராகப் போய்ப் பையை வாங்கிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் கையில் ஏனம் இருந்தது. பாதிப்பேர் கையில் இல்லை.

பொன்னுத்தாய் நேற்றைய டின்னோடு வந்தாள். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

“புள்ள குடிச்சுச்சா?” என்றாள் ஹபீபா.

“குடிச்சுச்சே. மூக்கடச்சுக் கெடந்துச்சு, பொளபொளன்னு தொறந்துருச்சு. இன்னைக்கும் அந்த மருந்துக் கஞ்சிதான் வேணும்னு நிக்குது. அதுகிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

“இன்னைக்கு வெறுங்கஞ்சிதான்.”

“அடடா,” என்றாள் பொன்னுத்தாய். மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். டின்னையும் முகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஆளும் எட்டி முகர்ந்தான். “ஒண்ணுமில்லய்யா,” என்றாள் பொன்னுத்தாய். “நம்பி வாங்கு.”

அவன் தூணைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். கையை நீட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. வரிசை அடங்கியது. பத்தொன்பதாம் நோன்பு வேறொரு வீட்டின் முறை. இமாம் அந்த வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லி துஆ ஓதினார். ஹபீபாவுக்கு அவரைத் தெரியாது. கைகளை ஏந்தி, ஒவ்வொரு வரிக்கும் ஆமீன் சொன்னாள். கடைசி ஆமீனையும் சொன்னாள். மறுபடி சொன்னாள்.

தேக்சாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் கைகளை முகத்தில் தடவிக்கொண்டு, ஒரு டின்னை எடுத்து அந்த ஆளிடம் நீட்டினாள்.

“நாளைக்குத் திருப்பிக் கொண்டாரணும்,” என்றாள்.